விருந்தினர் காட்டிய ஊர்

இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் இல்லத்திற்கு அறிமுகமில்லாத விருந்தினர் சிலர் வந்த நிகழ்ச்சியைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. அவர்களுக்கு ஸலாம் உரைத்த நபியவர்கள் ஓசையின்றி உள்ளே சென்றார்கள்; கொழுத்த கன்றின் இறைச்சியைப் பக்குவம் செய்து கொண்டுவந்து விருந்தினருக்கு அருகிலேயே வைத்தார்கள். "உணவுக்கு ஏற்பாடு செய்யட்டுமா?" என்று கேட்டு வந்தவர்களைக் கூச்சத்தில் ஆழ்த்தவில்லை. விருந்தோம்பலின் இலக்கணமே இதுதான் என்று விரிவுரையாளர்கள் விளக்கம் கூறுவர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இதற்கு ஓர் அளவும் வகுத்துத் தந்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசாரம்; மூன்று நாள்கள் விருந்து; அதற்கு மேற்பட்டது தருமம். விருந்தளிப்பவருக்குச் சுமையாகும் அளவிற்கு விருந்தினர் தங்கிவிடக் கூடாது என்பதும் அவர்களின் அறிவுரையாகும்.

இம்மூன்று நாள்களுக்குள் சோற்றையும் படுக்கையையும் தவிர விருந்தினருக்கு நாம் அளிக்கக்கூடியது ஒன்று உண்டு. அது நம்முடைய ஊர். "வாருங்கள், எங்கள் ஊரைக் காட்டுகின்றேன்" என்று அழைத்துச் செல்வதில் ஒரு மகிழ்ச்சியும், மறைவாகச் சிறிது பெருமையும் இருக்கத்தான் செய்கின்றன. 2025ஆம் ஆண்டுத் தை மாதத்தில் எனக்கும் அந்த வாய்ப்பு அமைந்தது. அந்த மூன்று நாள்களில் நடந்ததை, எனக்குப் பெருமை தராத பகுதியையும் விடாமல், இங்கே எழுதுகின்றேன்.

காட்பாடி நிலையத்தில்

என் ஊர் வேலூர். நான் மார்க்கக் கல்வி பயின்றதும் இவ்வூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில்தான். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் நிறுவிய கலைக்கூடம் அது. தமிழகம், கேரளம் மட்டுமின்றி இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்து ஓதிச் சென்ற இடம். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் என் நண்பர். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காத்தான்குடி அவருடைய ஊர். ஓதுவதில் எனக்கு இரண்டாண்டு இளையவர்.

அவர் ஊர் வழக்கப்படி மூத்தவரைக் 'காக்கா' என்றுதான் அழைப்பார். அவர் முதன்முதலாக என்னை அவ்வாறு அழைத்தபோது வேலூர் மாணவர்கள் அனைவரும் கூரையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது இன்றும் நினைவிருக்கின்றது. 34 ஆண்டுகளுக்குப் பிறகு காட்பாடி ரயில் நிலையத்தின் கூட்ட நெரிசலில் அதே குரல் "காக்கா!" என்று அழைத்தது. தாடி முழுவதும் நரைத்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"மூன்று நாள் விருந்து எனக்கு உண்டல்லவா? அதற்குள் ஒரு வேலையையும் முடிக்க வேண்டும்" என்றார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. மருத்துவமனைக்கு வந்திருப்பார், அல்லது கிதாபுகள் வாங்க வந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். அன்றிரவு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம். 2023ஆம் ஆண்டில் அந்தக் காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியையும் சொன்னேன். "நாங்கள் ஓதிய காலத்தில் குறியீடு இல்லாமலே நன்றாகத்தான் இருந்தது" என்று சிரித்தார்.

கோட்டையைக் காட்டினேன்

மறுநாள் காலை கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். விஜயநகரப் பேரரசின் காலத்தில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கருங்கல் கோட்டை அது. சுற்றிலும் அகழி. அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு என்று எங்கள் ஊரைப் பற்றிப் பழைய கேலிச் சொல் ஒன்று உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் நெடுங்காலம் வழிபாடு இல்லாதிருந்து, 1981ஆம் ஆண்டில் மீண்டும் இறைவடிவம் நிறுவப்பட்டது. பாலாறும் 2021ஆம் ஆண்டு நவம்பரில் இரு கரையும் புரள ஓடியது. ஆகவே அந்தக் கேலியில் எஞ்சியிருப்பது அரசனில்லாக் கோட்டை மட்டுமே என்று நண்பரிடம் கூறினேன்.

ஆலயத்தைக் கடந்தால் 1846ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கிறிஸ்தவ தேவாலயம். சற்று அப்பால் ஆற்காட்டு நவாபுகளின் காலத்துப் பள்ளிவாசல். தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள அப்பள்ளியில் தொழுகை நடைபெறுவதில்லை. நண்பர் வெளியே நின்று கையேந்தித் துஆச் செய்தார். பிறகு திப்பு மஹால், ஹைதர் மஹால், கண்டி மஹால் என்ற பெயர்களைத் தாங்கிய மாளிகைகளைச் சுட்டிக் காட்டினேன். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மக்களும் குடும்பத்தாரும் இங்கேதான் காவலில் வைக்கப்பட்டனர். ஹைதர் அலியின் துணைவியார் பக்ஷி பேகம் 1806ஆம் ஆண்டிலும், திப்புவின் துணைவியார் பாதுஷா பேகம் 1834ஆம் ஆண்டிலும் மறைந்து இவ்வூர் மண்ணிலேயே அடங்கினர்.

1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் இக்கோட்டையில் மூண்ட கிளர்ச்சியையும் விவரித்தேன். நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகையில் தோலாலான சின்னம் அணிய வேண்டும் என்று கும்பெனி அதிகாரிகள் ஆணையிட்டனர். நெற்றிக் குறி இந்துச் சிப்பாயின் மனத்தைத் தொட்டது. தாடி முஸ்லிம் சிப்பாயின் மனத்தைத் தொட்டது. இருவரும் ஒன்றாகவே எழுந்தனர். ஆற்காட்டிலிருந்து ஜில்லெஸ்பி என்ற தளபதி குதிரைப் படையுடன் விரைந்து வந்து அன்றைக்கே அதனை அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

ஜும்ஆ மேடையில் பேசிப் பழகிய நாவல்லவா? நான் இடைவிடாமல் பேசினேன். நண்பர் பொறுமையாகக் கேட்டார். வெளியே வந்ததும் சாலையின் எதிர்ப்புறத்தைச் சுட்டிக்காட்டி, "காக்கா, இங்கே முதலியார் கடை இருந்ததே?" என்று வினவினார்.

"அது போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன" என்று சொல்லி, லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவரை அழைத்துக்கொண்டு நடந்தேன். அவர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர், பிரயாணியும்கூட. ஆதலால் லுஹரோடு அஸரையும் சேர்த்துத் தொழுதார். ஹனபியான நான் அஸருக்குக் காத்திருந்தேன். அந்த இடைவேளையிலும் அவர் அதே சாலையைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தார்.

பாலாற்றங்கரையில்

இரண்டாம் நாள் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்திற்குச் செல்லத் திட்டமிட்டிருந்தேன். வழியில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை நண்பருக்குச் சொன்னேன். அவர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூவர் வந்து கதவைத் தட்டினர். மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். வந்தவருள் ஒருவர் முஸ்லிம். ஆண் மருத்துவரை அனுமதிக்க அக்கால வழக்கம் இடந்தரவில்லை. அம்மையாரோ மருத்துவம் படிக்காதவர். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அதன்பின் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் பணியைத் தொடங்கினார்.

"அந்த இரவில் கொடுக்க முடியாத பதிலை ஆயுள் முழுவதும் கொடுத்திருக்கிறார்" என்றார் நண்பர். எனக்காகச் சொன்ன சொல்லன்று அது. ஆயினும் மறுநாள் அது என்னைத் தேடி வந்தது.

முத்து மண்டபம் என்பது கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கரின் நினைவிடம். 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட அவர், அடுத்த ஆண்டு குடும்பத்துடன் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் இவ்வூரிலேயே காலமானார். கல்லறையைச் சூழ்ந்து மண்டபம் எழுப்பப்பட்டது 1990ஆம் ஆண்டில். இலங்கையிலிருந்து வந்த நண்பருக்கு இதனைவிடப் பொருத்தமான இடம் எங்கள் ஊரில் இல்லை என்று கருதியே அழைத்து வந்தேன்.

அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் எங்கள் முன்னோரைக் கரையோர ஊர்களிலிருந்து விரட்டியபோது, கண்டியை ஆண்ட செனரத் மன்னர் அடைக்கலம் கொடுத்துக் கிழக்குக் கரையில் குடியேற்றினார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் முஸ்லிம்கள் வேரூன்ற அதுவும் ஒரு காரணம். அந்த அரியணையில் கடைசியாக அமர்ந்தவர் இங்கே உறங்குகிறார். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகார் என்று நாம் ஓதியிருக்கிறோம். அரசருக்குரிய நன்றியை இங்கே நினைத்துக்கொண்டேன். ஆனால் காக்கா, நான் வந்தது முதலியாரின் கடனைத் தீர்க்க."

1990ஆம் ஆண்டு ஆகஸ்டு

அவர் சொல்லச் சொல்ல, நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்தவை யாவும் மீண்டும் எழுந்து நின்றன.

1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 3, வெள்ளிக்கிழமை இரவு. காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்தோர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு, சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மறுநாள் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது முதலியாரின் வானொலியில் அச்செய்தி வந்தது. நண்பரின் தந்தையார் அவ்விரு பள்ளிகளுள் ஒன்றில் நாள்தோறும் முதல் வரிசையில் நிற்பவர். உயிருடன் இருக்கின்றாரா என்பதை அறிய வழியில்லை.

ஆசிரியப் பெருமக்கள் பயணச் சீட்டுக்கு உதவினார்கள். புறப்படும் இரவில் முதலியார் பேருந்து நிலையத்திற்கே வந்தார். மூன்று மாதத் தேநீர், இட்லிக் கணக்கில் நண்பர் அவருக்குத் தரவேண்டியது 240 ரூபாய். அதனைக் குறிப்பிட வாயெடுத்தவரின் சட்டைப் பையில் மேலும் 200 ரூபாயைத் திணித்து, "வழிக்கு வேண்டும் தம்பி. போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு" என்றார். அவ்வளவே.

நண்பர் ஊர் சேர்வதற்கு முன்பே தந்தையாரை அடக்கம் செய்துவிட்டனர். தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஓதி முடிக்கவும் பட்டம் பெறவும் அவர் திரும்பி வரவேயில்லை.

இனி என் கதை. அவ்வாண்டின் இறுதியில் அவர் எனக்கொரு கடிதம் எழுதினார். "நான் உயிருடன் இருக்கிறேன். முதலியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பணத்தை எப்படியும் அனுப்பிவிடுவேன் என்றும் சொல்லுங்கள்" என்று அதில் இருந்தது. படித்தேன், கண் கலங்கினேன், கிதாபுக்குள் வைத்தேன். தேர்வு நெருங்கியிருந்தது. நாளை சொல்வோம் என்று நினைத்தேன். பிறகு பட்டமளிப்பு வந்தது. வெளியூர்ப் பள்ளிவாசலில் இமாமாகப் பணி கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது கடை அங்கே இல்லை. கடை இல்லாததைக் கண்டு என் உள்ளத்தின் ஒரு மூலையில் நிம்மதிகூட ஏற்பட்டது என்பதை அல்லாஹ் அறிவான்.

பேருந்து நிலையத்திற்கும் கல்லூரிக்கும் இடையே பத்து நிமிட நடைதான். அந்தப் பத்து நிமிடம் எனக்கு 34 ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை.

சொல்லும் ஒரு கடனே

கடனைப் பற்றி நான் எத்தனை முறை மேடையில் பேசியிருக்கின்றேன்! ஒருவருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அவருக்குக் கடன் உண்டு என அறிந்த நபி (ஸல்) அவர்கள், தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழுமாறு கூறியதையும், "அது என் பொறுப்பு" என்று அபூ கதாதா (ரலி) அவர்கள் ஏற்ற பின்னரே முன்னின்று தொழுவித்ததையும் விளக்கியிருக்கின்றேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த வேளையில் அவர்களின் கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்ததையும் சொல்லியிருக்கின்றேன். தம்மை ஊரைவிட்டு வெளியேறச் செய்த மக்கத்து மக்களின் அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே, அலீ (ரலி) அவர்களை அண்ணலார் ஹிஜ்ரத்தின்போது பின்னே விட்டுச் சென்றார்கள் என்பதையும் உருக்கமாக எடுத்துரைத்திருக்கின்றேன். கொடுத்தவர் எந்தச் சமயத்தவர் என்பதைக் கடன் பார்ப்பதில்லை. அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும்.

ஒருவர் நம்மிடம் ஸலாம் சொல்லி அனுப்பி, அதைச் சேர்ப்பிக்க நாம் ஏற்றுக்கொண்டால், அதுவும் அமானிதமே. சேர்ப்பிப்பது கடமை என்று மார்க்க அறிஞர்கள் எழுதியுள்ளனர். இதையும் நான் ஓதிக் கொடுத்திருக்கின்றேன். ஆனால் மண்டபத்தின் படியில் அமர்ந்திருந்த அந்த வேளையில்தான் அது எனக்குப் பாடமாயிற்று. பட்டம் பெறாத என் நண்பர் 440 ரூபாய்க்காகக் கடல் கடந்து வந்திருக்கின்றார். பட்டம் பெற்ற நான் ஒரு வார்த்தைக்காகத் தெருவைக் கடக்கவில்லை. அவரிடம் உண்மையைச் சொன்னேன். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். "நாளை நாம் இருவரும் சேர்ந்தே போவோம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள்

கடை இருந்த இடத்தினருகே பூக்கட்டிக்கொண்டிருந்த மூதாட்டியாரிடம் விசாரித்தோம். அவர் சிறிதும் யோசிக்கவில்லை. "அவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகுதே! மகன் கொசப்பேட்டையிலே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாரே" என்றார்.

அந்தக் கடையை எனக்குத் தெரியும். ரமலான் மாதத்து நோன்பு அட்டவணையை ஆண்டுதோறும் அங்கேதான் நகலெடுக்கின்றேன். அவரிடம் சில்லறை வாங்கியிருக்கின்றேன். மழையைப் பற்றிப் பேசியிருக்கின்றேன். எவருடைய மகன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நண்பர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அம்மகனார் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். "இலங்கைத் தம்பியா?" என்றார். பிறகு சொன்னார்: "அப்பா பல வருஷம் உங்களைப் பற்றிப் பேசுவார். வானொலியில் இலங்கைச் செய்தி வந்தால் கடையில் யாரும் சத்தம் போடக் கூடாது. அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்தானா, அவன் அப்பா இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லையே என்பார். ஒருமுறை உங்கள் கல்லூரி வாசல்வரை போய்விட்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டார்."

நண்பர் அழுதார். நான் அழுவதற்கும் தகுதியற்றவனாக நின்றேன். பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி, எதையும் குறைக்காமல், அவரிடம் சொன்னேன். "உங்கள் தந்தையாருக்குச் சேரவேண்டிய செய்தி என்னிடம் இருந்தது. நான் கொடுக்கவில்லை. என்னை மன்னியுங்கள்" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தந்தையாரின் படம் சுவரில் இருந்தது. அதைச் சற்றுநேரம் பார்த்தார். "இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், ஹஜ்ரத்" என்றார். அந்தச் சொல்லில் கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை. உண்மை மட்டுமே இருந்தது.

நண்பர் உறையை நீட்டினார். வாங்கிய ஒட்டகத்தைவிடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்த நபிவழியைப் பின்பற்றி, கடனைப்போல் பல மடங்கு அதில் வைத்திருந்தார். முன்பே பேசிக்கொள்ளாமல் கடனாளி தானாகவே விரும்பிக் கூட்டிக் கொடுப்பது வட்டியாகாது, நற்பண்பே. மகனார் எண்ணிப் பார்த்து, 440 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பினார். "அப்பாவின் கணக்கு முடிய வேண்டும், அதனால் இதை வாங்கிக்கொள்கிறேன். மீதி எங்கள் கணக்கில் இல்லை" என்றார். எதிர்க்கடையிலிருந்து மூன்று தேநீர் வரவழைத்தார். நண்பர் காசு கொடுக்க முற்பட்டபோது, "இதற்கும் கணக்கா?" என்று தடுத்துவிட்டார்.

அன்றிரவு நண்பரைக் காட்பாடியில் வழியனுப்பினேன். ரயில் புறப்படும்போது, "போய்ச் சேர்ந்ததும் சொல்லி அனுப்புகிறேன் காக்கா" என்றார். மறுநாள் கைப்பேசியில் செய்தி வந்தது. அதைப் படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கொசப்பேட்டைக்கு நடந்தேன். "அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்" என்று அம்மகனாரிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். தந்தைக்குச் சொல்ல வேண்டியதை மகனுக்குச் சொல்லிவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்று நான் எண்ணவில்லை. எனினும் இனிமேலாவது தாமதிக்கலாகாது அல்லவா?

நான் ஓதிய கல்லூரியின் பெயருக்கு 'நிலைத்திருக்கும் நற்செயல்கள்' என்று பொருள். செல்வமும் மக்களும் இவ்வுலக வாழ்வின் அலங்காரங்களே. இறைவனிடத்தில் நிலைத்திருப்பவை நற்செயல்களே என்னும் திருமறைக் கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. விருந்தினருக்குக் காட்ட நான் தேர்ந்தெடுத்தவை அரசர்களின் கோட்டையும் மாளிகைகளும் கல்லறைகளும். அவர் தேடி வந்ததோ சுவடே இல்லாமற்போன ஒரு தேநீர்க் கடை.

வாசகப் பெருமக்களே, உங்கள் இல்லத்திலும் ஏதேனும் ஒரு புத்தகத்தினுள் சேர்ப்பிக்கப்படாத கடிதம் ஒன்று இருக்கலாம். சொல்வதாக ஏற்றுக்கொண்டு சொல்லாமல் விட்ட ஸலாம் ஒன்று இருக்கலாம். உரியவர் உயிருடன் இருக்கும்போதே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களாக. பணக்கடனைப் போலவே சொற்கடனையும் நிறைவேற்றும் நல்லுதவியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.